ஒரு மாதம் நிற்கும் எண்ணெய் ஊசி

ஏர்வாடிக்குப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மூன்று ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். மாத்திரை ஒழுங்காகப் போடாததால் அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள். "அது எண்ணெய் ஊசியாம். ஒரே ஊசி எப்படி ஒரு மாதம் நிற்கும்? எண்ணெய் போய் நரம்பில் உறைந்துகொள்ளாதா? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும் நாளில்தான் அடுத்த ஊசி. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்குக் கட்டுரையின் முடிவில் வருகிறேன். முதல் கேள்வி நான் பல நாளாக எழுத நினைத்திருந்த ஒன்று.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமின். மனச்சிதைவில், மூளையின் சில பகுதிகளில் டோபமின் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இல்லாத குரல்கள் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுவதும் இதோடு தொடர்புடையவை. டோபமின் வந்து அமரும் ஏற்பிகளில் மருந்து முந்திக்கொண்டு அமர்ந்துவிட்டால் அந்த இரைச்சல் அடங்குகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்பிகளை மருந்து பிடித்தால் பலன் தெரிகிறது. ஐந்தில் நான்கைத் தாண்டினால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன. பலனுக்கும் தொல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி இவ்வளவு குறுகலானது. மருந்தின் அளவு ஏறி இறங்காமல் அந்த இடைவெளிக்குள்ளேயே நிற்க வேண்டும்.

மாத்திரையில் இது கடினம். விழுங்கினால் ஏறும், சில மணி நேரத்தில் இறங்கும். தினமும் போட வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் படகேறி மறுநாள் கரை திரும்புகிறவர், தங்கு கடலுக்குப் போய் நாள் கணக்கில் வராதவர், இடுப்பளவு நீரில் நின்று கடல்பாசி எடுக்கும் பெண், மண்டபம் அகதிகள் முகாமில் வாழும் குடும்பம் எனப் பலரும் இருக்கும் கடற்கரை இது. வேளை தவறாமல் மாத்திரை என்பது இங்கே எழுதித் தருவதற்கு எளிது, நடப்பதற்கு அரிது. விட்டால் என்ன ஆகும்? 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கணக்கின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் 100க்கு 64 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 27 பேருக்கு.

இனி ஊசிக்கு வருவோம்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கு வெகுகாலமாகப் பயன்படுவது ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட். அது கரைந்திருக்கும் எண்ணெய் எது தெரியுமா? நல்லெண்ணெய். நாம் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும், தோசைக்கு ஊற்றும், அதே எள்ளெண்ணெய்தான், மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்தான ஃபுளூபென்டிக்சால், தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மெல்லிய எண்ணெயில் வருகிறது. நம் அடுக்களையின் இரண்டு எண்ணெய்களும் மனநல மருத்துவத்தின் இரண்டு தூண்களாக நிற்கின்றன. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் மருந்தை எண்ணெயில் கலந்துவிட்டால் மட்டும் போதாது. மீன் குழம்பு வைக்கும்போது பாருங்கள். மேலே மிதக்கும் நல்லெண்ணெயில் மிளகாயின் சிவப்பு முழுக்க ஏறியிருக்கும். அந்த நிறம் எண்ணெயை விரும்புவது, தண்ணீருக்கு எளிதில் இறங்கி வராது. மருந்தையும் அப்படி எண்ணெய்ப் பிரியனாக மாற்ற வேண்டும்.

அதற்கு வேதியியலாளர்கள் 1960களில் செய்த வேலை, நாம் பள்ளியில் படித்த எஸ்டராக்கல்தான். ஃபுளூஃபெனசின் மூலக்கூறின் ஒரு முனையில் ஆல்கஹால் தொகுதி இருக்கிறது. ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்தால் எஸ்டர். அந்த முனையில் டெக்கனாயிக் அமிலத்தைக் கோத்தார்கள். பத்துக் கரியணுக்கள் வரிசையாக நிற்கும் கொழுப்பு அமிலம் இது. தேங்காய் எண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் இயல்பாகவே இருப்பது. இந்த வால் ஒட்டிக்கொண்டதும் மூலக்கூறின் குணமே மாறிவிடுகிறது. தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும், எண்ணெயை விட்டு வெளியேறத் தயங்கும்.

இப்போது இதை இடுப்பின் பின்புறத் தசையில் ஆழமாகப் போடுகிறார்கள். தசை நார்களுக்கு நடுவே எண்ணெய் ஒரு சிறு குளம்போலத் தேங்கி நிற்கிறது. அதைச் சுற்றி உடலின் நீர். எண்ணெயின் விளிம்பிலிருந்து ஒரு மூலக்கூறு, பிறகு இன்னொன்று எனத் தயங்கித் தயங்கி நீருக்குள் இறங்குகின்றன. இறங்கியதும் திசுக்களிலும் இரத்தத்திலும் உள்ள எஸ்டரேஸ் என்னும் நொதிகள் அந்த வாலை வெட்டிவிடுகின்றன. வால் போனதும் அது பழைய ஃபுளூஃபெனசின். இரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தன் வேலையைச் செய்கிறது. வெட்டுப்பட்ட வால் சாதாரணக் கொழுப்பு அமிலம்தான், உடல் அதை எரித்துக்கொள்கிறது.

நான் லயித்துப்போகும் இடம் இதுதான். நொதி வேகமாக வெட்டுகிறது. கல்லீரலும் வெளியேற்றுவதில் சுணங்குவதில்லை. ஆமைவேகத்தில் நடப்பது ஒன்றே ஒன்று, எண்ணெயை விட்டு மருந்து வெளியேறும் அந்த முதல் அடி. ஆகவே மொத்த ஓட்டத்தின் வேகத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. கண்மாயின் மடையைச் சிறிதாகத் திறந்து வைத்தால், கீழே வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வயலுக்குப் போகும் நீர் மடை விட்ட அளவுதானே. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒருமுறை ஒரு செவிலியர் இந்த ஊசியைப் போடுவதை அருகில் நின்று பார்த்தேன். குப்பியில் வெளிர் மஞ்சளாக, அசைத்தால் சோம்பலாக நகரும் எண்ணெய். உலர்ந்த ஊசிக்குழலைத்தான் எடுத்தார். ஒரு துளி ஈரம் பட்டாலும் மருந்து கலங்கிவிடுமாம். ஊசியும் சற்றுத் தடித்தது, மெல்லியதில் எண்ணெய் ஏறாது. தோலை ஒரு விரற்கடை பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்தி, மிக மெதுவாக அழுத்தினார். ஊசியை எடுத்த பிறகே தோலை விட்டார். தோல் தன் இடத்துக்குத் திரும்பியதும் ஊசி போன வழி வளைந்து அடைபட்டுவிடுகிறது, எண்ணெய் வெளியே கசிவதில்லை. போட்ட இடத்தைத் தேய்க்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். தேய்த்தால் குளம் கலைந்துவிடும்.

வாசகியின் இரண்டாம் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. எண்ணெய் இரத்தக் குழாய்க்குள் போவதில்லை, தசையில் நிற்கிறது, உடல் அதையும் சிறுகச் சிறுக அகற்றிவிடுகிறது.

ஆனால் இந்த மெதுவான நடைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. குடும்பங்களுக்கு அதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஊசியின் முழுப் பலன் நிலைகொள்ள இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். முதல் ஊசிக்குப் பிறகு குரல்கள் நிற்கவில்லை என்றால், "இது மருந்துக்கு அடங்குகிற விஷயம் இல்லை" என்ற முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது. அதேபோல ஊசியை நிறுத்தினாலும் நோய் மறுநாள் திரும்புவதில்லை. எண்ணெய்க் குளம் வற்ற வாரக்கணக்கில் ஆகும், அதற்கு மேலும் சில மாதங்கள் அவர் நன்றாகவே இருக்கக்கூடும். அந்த இடைவெளியில் கழுத்தில் ஒரு தாயத்து ஏறியிருந்தால், நன்றாக இருந்ததற்குப் புகழ் தாயத்துக்குப் போகிறது. பிறகு நோய் திரும்பும்போது ஊசி விட்டது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுகிறது. எதனால் குணமானது, எதனால் கெட்டது என்ற இரண்டு கணக்குமே தப்பாகப் போய்விடுகின்றன. மூடநம்பிக்கை என்று நாம் ஏசுவதில் பெரும்பகுதி இப்படிக் காலம் தப்பிப்போன கணக்குதான் என்று நான் நினைக்கிறேன். ஏசுவதால் அது போகாது.

நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள், வந்து ஆறுதல் பெறுகிறார்கள். துவாவோடு தவாவும், அதாவது வேண்டுதலோடு மருந்தும், என்று அங்கேயே மனநலச் சிகிச்சை தரும் ஏற்பாடு சரியான வழி. என் கோபம் சங்கிலியின் மீது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த 28 பேர் கட்டப்பட்டிருந்த காலத்தில் இந்த நல்லெண்ணெய் ஊசி ஏற்கெனவே முப்பது ஆண்டு பழைய மருந்து. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

ஊசியும் இன்னொரு சங்கிலியாகிவிடக் கூடாது. போட்டபின் திரும்ப எடுக்க முடியாத மருந்து இது. ஆகவே முதலில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்து, நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு போட வேண்டும். வலை பின்னும் விரல்கள் விறைக்கின்றன, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்கள் பரபரக்கின்றன என்று அவர் சொன்னால், அது சாக்கு அல்ல, மருந்தின் பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், பக்கவிளைவை அடக்கும் மாத்திரை தரலாம், வேறு மருந்துக்கே போகலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ஆள் எங்கே? 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டில் இத்தகைய கடும் மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஓர் ஊசிக்காக நோயாளியோடு துணைக்கு ஒருவரும் அன்றைய கூலியை இழக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மருத்துவர் எழுதித் தந்த இந்த ஊசியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் போடவும், வராதவரை வீடு தேடிப் போய் விசாரிக்கவும் ஏன் கூடாது? பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினால் பலன் இருக்கிறதா என்று காஞ்சிபுரம் உட்பட மூன்று இடங்களில் 282 பேரிடம் சோதித்துப் பார்த்து, 2014இல் முடிவு வெளியிட்டார்கள். பலன் இருந்தது. அளவில் சிறியதுதான், ஆனால் காஞ்சிபுரத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

காப்புரிமை தீர்ந்துபோன, விலை மலிந்த மருந்து இது. நம் வெயிலில் உழைக்கும் உடலுக்கு எந்தக் குறைந்த அளவு போதும் என்று தேடிப் பார்க்க எந்த நிறுவனமும் பணம் போடாது. இலாபம் இல்லாத கேள்விகளுக்கு விடை தேடுவது அரசு நிதியின் கடமை. ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, ஆய்வை அங்கிருந்து தொடங்கலாம்.

இனி, வாசகியின் கடைசிக் கேள்வி. தடைக்காலம் ஜூன் 14 வரை. ஊசி நாள் 15 என்றால், இப்போதே மருத்துவரிடம் சொல்லிச் சில நாள் முன்னதாகப் போட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும். மாதக் கணக்கில் வடியும் குளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பின் பெரிய விஷயமில்லை. தள்ளிப்போட்டு மறப்பதுதான் ஆபத்து. தம்பி கடலில் இருக்கும்போது கேள்வி வந்தால் கரையில் இருக்கும் நீங்கள் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அரசின் இலவச மனநல உதவி எண் அது. இந்த மருந்து எடுப்பவருக்கு வெயில் எளிதில் தாங்காது, ஆகவே படகில் குடிநீர் கூடுதலாக இருக்கட்டும், தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளட்டும். போன முறை வலப்பக்கம் போட்டிருந்தால் இந்த முறை இடப்பக்கம் போடச் சொல்லுங்கள்.