ரேம் போட்டால் கரகரப்பு போகாது

போன வாரமும் ஒருவர் வந்தார். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்பவர். லேப்டாப்பில் 8 ஜிபி இருந்த ரேமை 32 ஜிபி ஆக்கியிருக்கிறார். அப்படியும் பாடும்போது ஹெட்போனில் 'பட் பட்' என்று வெடிக்கிறதாம். "இன்னும் கொஞ்சம் ரேம் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்கிறார். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

திறந்து பார்த்தேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியை வாங்கியவர், ஒலி தாமதமில்லாமல் போய்வர அதற்கென்றே தரும் ஏசியோ டிரைவரைப் போடவே இல்லை. பதிவு மென்பொருளோடு வந்த பொது டிரைவரில் ஓட்டிக்கொண்டிருந்தார். பஃபர், அதாவது கணினி ஒரு தவணைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவு, 64. சார்ஜர் வீட்டில். லேப்டாப்பின் அடியில் கை வைத்தால் சுடுகிறது. மெத்தை மேல் வைத்துத்தான் பாடுவாராம். ரேமில் செலவானது 5 ஜிபிதான்.

ஒரு மோனோ டிராக் (ஒரு குரலின் அல்லது கருவியின் தனிப் பதிவு), 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. இருபது டிராக், நான்கு நிமிடப் பாட்டு என்றால் மொத்தம் 640 எம்பி. அதையும் மென்பொருள் பெரும்பாலும் டிஸ்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கும். அப்புறம் எதற்கு 32 ஜிபி? பியானோ, ஆர்கெஸ்ட்ரா மாதிரி கருவிகளின் ஒலியைப் பதிந்து வைத்த பெரிய சாம்பிள் லைப்ரரிகளை ஏற்றுபவர்களுக்கு ரேம் வேண்டும், மறுக்கவில்லை. ஒரு மைக், ஒரு கிடார் வைத்திருப்பவருக்கு 16 ஜிபியே தாராளம்.

வெடிப்பது நேரம் போதாததால். பஃபர் 256 என்றால், 44.1-இல் ஒவ்வொரு தவணைக்கும் பிராசஸருக்குக் கிடைப்பது 5.8 மில்லி செகண்ட். ரிவெர்ப், கம்ப்ரெஸர் மாதிரி ஒலிக்குப் போடும் எஃபெக்ட்கள் எல்லாவற்றையும் அதற்குள் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு தவணை தவறினால் ஒரு 'பட்'. 64-இல் அந்த நேரம் வெறும் 1.5 மில்லி செகண்ட். "சிபியு 30 சதவீதம்தானே காட்டுகிறது?" என்பார்கள். ஒரே டிராக்கில் வரிசையாக மாட்டிய எஃபெக்ட்கள் பெரும்பாலும் பிராசஸருக்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே கோரில்தான் ஓடும். அது மூச்சுத் திணறும்போது மற்ற கோர்கள் சும்மா இருக்கும். டாஸ்க் மேனேஜர் சராசரியைக் காட்டும்.

அதனால் பதிவின்போது பஃபர் 128 அல்லது 256. பதிந்ததையெல்லாம் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் 1024-க்கு ஏற்றிவிடுங்கள். 23 மில்லி செகண்ட் தாமதம் அப்போது யாருக்கும் உறைக்காது. தயவுசெய்து ஒரே எண்ணில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். பாடும்போது குரல் தாமதமாகக் கேட்கிறதா? பெரும்பாலும் இன்டர்ஃபேஸிலேயே, கணினிக்குள் போகாமல் குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் போட்டுக்கொண்டே பாடிவிட்டுத் தாமதம் என்று புலம்புபவர்களும் உண்டு. முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யும் பிளக்-இன் தாமதிக்காமல் என்ன செய்யும்? முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், எஃபெக்ட்களோடு சேர்த்தே பதிந்து வைத்துவிடும், பிராசஸருக்கு வேலை மிச்சம். 96 கிலோஹெர்ட்ஸ் ஆசை வேண்டாம். பிராசஸருக்குச் சுமை இரண்டு மடங்கு.

சார்ஜரைச் செருகுங்கள், பவர் மோடை உச்சத்தில் வையுங்கள். கெட்டியான மேஜை மேல் வையுங்கள். சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதிவின்போது வைஃபையை அணையுங்கள். விண்டோஸில் லேட்டன்சிமான் என்று ஒரு கருவி இருக்கிறது, எந்த டிரைவர் இடைஞ்சல் செய்கிறது என்று பெயரோடு சொல்லும். நான் பார்த்தவரை பாதி நேரம் வைஃபைதான். 'கம்ப்யூட்டரை வேகமாக்கும்' மென்பொருள் ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். பாதி முடிந்த பாட்டை வைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட் செய்துவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். டிரைவர் போட்டேன், பஃபரை 128 ஆக்கினேன், என் சார்ஜரைக் கொடுத்தேன். கால் மணி நேரம் பாடினார், ஒரு வெடிப்பு இல்லை. கிளம்பும்போது கேட்டார்: "பழைய 8 ஜிபி ரேம் பத்திரமாக இருக்கு சார். புதுசை இனிமேல் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்குவாங்களா?"