விண்வெளியில் ஒண்ணுக்குப் போனால் அது எங்கே போகும்?

நாம் கழிப்பறைக்குப் போய்வரும்போது பாதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 'கீழே' என்ற திசையே கிடையாது, வெளியே வந்தது அப்படியே மிதக்கும். 1969 மே மாதம் அப்பல்லோ 10 கலத்துக்குள் மலக்கட்டி ஒன்று மிதந்து வந்ததும், அது யாருடையது என்று மூன்று வீரர்களும் பேசிக்கொண்டதும் நாசாவின் உரையாடல் பதிவிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவர்களுக்குக் கழிப்பறையே இல்லை, பின்புறம் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பைதான். போய் முடித்ததும் அதற்குள் கிருமிநாசினியை விட்டுக் கையாலேயே பிசைய வேண்டும்.

இப்போது அந்த இழுக்கிற வேலையைக் காற்று செய்கிறது. சிறுநீருக்கு ஒரு புனலும் குழாயும், மலத்துக்குச் சின்னதாக ஓர் இருக்கை, இரண்டுக்கும் பின்னால் உறிஞ்சும் விசிறி. 2020-ல் கல்பனா சாவ்லாவின் பெயர் சூட்டிய சரக்குக் கலத்தில் போன புதிய கழிப்பறையில் மூடியைத் திறந்தாலே விசிறி ஓட ஆரம்பித்துவிடும். மலம் ஒரு பையில் விழும், அதைக் கட்டி டப்பாவுக்குள் தள்ளிவிடுவார்கள். டப்பா நிறைந்ததும் குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்ப, வளிமண்டலத்தில் எல்லாமே எரிந்து போகும்.

சிறுநீரை மட்டும் விடமாட்டார்கள், காய்ச்சி வடித்துக் குடிநீராக்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. எடையில்லாமல் மிதக்கும் உடம்பில் எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கும், அது சிறுநீரில்தான் வெளியேறும். அந்தச் சுண்ணாம்பு உப்பாகப் படிந்து 2009-ல் வடிக்கும் இயந்திரத்தையே அடைத்துவிட்டது! அதைச் சரிசெய்து, மேலும் கருவிகள் சேர்த்து, 2023-ல் 98 சதவீதத் தண்ணீரை மீட்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள் என்பது எனக்கு ராக்கெட் விடுவதற்குச் சமமான சாதனை.

சரி, குளியல்? ஷவர் கிடையாது. ஏன் என்று புரிய, 2013-ல் கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் ஈரத்துணியைப் பிழிந்து காட்டிய வீடியோவைப் பாருங்கள். ஒரு சொட்டுகூட விழாது; தண்ணீர் துணியைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய் மாதிரி திரண்டு, அப்படியே அவர் கைமேல் ஜெல்லி போல ஏறிக்கொள்ளும். அதனால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான் குளியல். தலைக்கு அலசத் தேவையில்லாத ஷாம்பு: கொஞ்சம் வெந்நீரைத் தலையோடு ஒட்டினாற்போல் விட்டு, ஷாம்பு தேய்த்து, துண்டால் துடைத்தால் முடிந்தது. பல் தேய்த்த பேஸ்ட்டை விழுங்குவார்கள், இல்லாவிட்டால் துண்டில் துப்புவார்கள்.

அப்புறம் அந்தத் துண்டை விரித்துக் கட்டிவைப்பார்கள். அதன் ஈரமும், தலைமுடியின் ஈரமும், எல்லாருடைய வியர்வையும் மூச்சும் காற்றில் கலந்து, குளிர்விக்கும் கருவியில் நீராகத் திரண்டு, சுத்தமாகி, சில நாளில் யாரோ ஒருவருடைய காபிப் பைக்குள் வந்து சேரும்.