தூரம் கூடியது, நேரம் குறைந்தது

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தைத் திசை மாற்றி ஓட்டியது. அதுவரை மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டிப் போனது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புதியது சுமார் 15,300. இவ்வளவு சுற்றியும் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

வகுத்துப் பாருங்கள்: சராசரியாக மணிக்கு 1,055 கி.மீ. ஆனால் அந்த போயிங் 777 காற்றில் பறக்கும் வேகம் 900க்குப் பக்கம்தான். மீதி 150ஐ முதுகில் கைவைத்துத் தள்ளிக் கொடுத்தது காற்று. ஆற்றோட்டத்தோடு போகும் பரிசல் மாதிரி. இருக்கைத் திரையில் 1,050 என்று பார்த்து, ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டோமோ என்று பதற வேண்டாம். இறக்கையைத் தழுவும் காற்றுக்கு அது அதே பழைய 900தான்.

விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்ற இந்தக் காற்றும் ஓடுகிறது. வெப்பமண்டலத்தில் சூடேறி எழும் காற்று துருவப் பக்கம் நகர, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. 1920களில் ஜப்பானில் வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கிய மொழியில் எழுதியதால், வெளியுலகில் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று!

“பூமிதான் சுற்றுகிறதே, மேலே போய்ச் சும்மா நின்றால் அமெரிக்கா தானாகக் காலடிக்கு வராதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதில் மிதக்கும் விமானமும்தான்.

சரி, இருப்பதிலேயே குறுக்கு வழி எது? உலக உருண்டையில் டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது பசிபிக்கைக் குறுக்கே தாண்டாது, அட்லாண்டிக் பக்கமே போகாது. இமயமலை, சைபீரியா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் கடலைக் கடந்து, அலாஸ்கா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கும். நீளம் சுமார் 12,400 கி.மீ. இணையத்தில் தூரம் தேடினால் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த எண்தான்.

ஆனால் அந்த நூலின் மேல் அப்படியே பறக்க முடியாது. முட்டுக்கட்டை, இமயமலையைத் தாண்டியதும் வரும் திபெத். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், விமானி சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடியில் ஆக்சிஜன் வருவது ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத்தான். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கே இறங்க?

திரும்பி வரும்போது அந்த ஏர் இந்தியா விமானம் வந்த வழியே போகவில்லை. பசிபிக் மேல் அதே காற்று எதிர்க்காற்றாகிவிடுமே. அதனால் மறுபடியும் கிழக்கு நோக்கியே கிளம்பி, அட்லாண்டிக் மேல் பறந்து டெல்லி வந்தது. ஒருமுறை போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று.