டூம், குவேக் மேப் போடப் போறீங்களா? எடிட்டரை கடைசியா எடுங்க

"சார், டூம், குவேக் மாதிரி பழைய துப்பாக்கிச் சண்டை கேமுக்கு மேப் (அதாவது லெவல்) போட எது பெஸ்ட் எடிட்டர்?" எங்க லெவல் டிசைன் கிளாஸ்ல ஒவ்வொரு பேட்ச்சும் இந்தக் கேள்வியோடதான் ஆரம்பிக்கும். வர்ற பசங்க பாதிப்பேரு யூட்யூப் பாத்துட்டு நாலஞ்சு எடிட்டரை ஏற்கனவே இறக்கி வச்சிருப்பானுங்க, எதையும் முழுசா தொறந்துகூட பாத்திருக்க மாட்டானுங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், மேப் எங்க ஓடணும், எந்த கேம், எந்த எஞ்சின்ல (கேமை ஓட்டுற ப்ரோகிராம்)? அதுக்குப் பதில் தெரியாம எடிட்டரைத் தொட்டா ஒரு மாச வேலை அப்படியே குப்பைக்குப் போகும், கண்ணால பாத்துருக்கேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வர்ற ஒரு தம்பிக்கு திருமலை நாயக்கர் மஹாலை டூம் 2 மேப்பா போடணும்னு ஆசை. அல்டிமேட் டூம் பில்டர்ங்கிற எடிட்டரை எடுத்தான், நடு முற்றம், சுத்தி தூண், தூணுக்கு மேல வளைவுன்னு ராத்திரி பகலா உக்காந்து போட்டான், எடிட்டரோட 3டி வியூவுல பாக்க அவ்வளவு அம்சமா இருந்துச்சு. 1993ல வந்த டூம் எஞ்சினை அப்படியே அச்சு அசலா காட்டுற சாக்லேட் டூம்ல போட்டு முற்றத்துக்குள்ள காலடி வச்சதும் விஸ்ப்ளேன் தீந்துபோச்சுன்னு ஒரே வரி எர்ரர், கேம் க்ளோஸ். பய மூஞ்சி செத்துப்போச்சு. "எடிட்டர்ல ஓடுதே சார்"ங்கிறான்.

எடிட்டர்ல ஓடத்தான் செய்யும், ஏன்னா எடிட்டருக்கு அந்த லிமிட் எல்லாம் கிடையாது. பழைய டூம் எஞ்சின் ஒரு ஃப்ரேம்ல 128 விஸ்ப்ளேன் வரைக்கும்தான் தாங்கும், அதாவது உயரம், டெக்ஸ்சர் (மேல ஒட்டுற படம்), வெளிச்சம் மாறி மாறித் தெரியுற தரை, கூரைத் துண்டுகளுக்கு ஒரு கணக்கு. சுவர் துண்டுகளுக்கு ட்ராசெக்னு தனிக்கணக்கு, அது 256. இப்போ மஹாலுக்கு வாங்க, அங்க இருக்கிறது 248 தூண். உருண்டைத் தூணை டூம்ல எட்டுப்பக்கமா போட்டு, ஒரு தூணுக்கு நாலு பக்கம் கண்ணுல படுதுன்னு வச்சுக்குங்க, ஒரே பார்வையில 60 தூண் தெரிஞ்சாலே 240 போச்சு, மிச்சம் 16ல சுத்துச்சுவரு, வாசல் எல்லாத்தையும் அடக்கணும். ட்ராசெக் தாண்டுனா சுவர் வரையாம விட்டுரும், விஸ்ப்ளேன் தாண்டுனா ஆளையே வெளிய தள்ளிரும். வளைவு அதவிட மோசம். டூம்ல மேப்பைப் பிரிக்கிற ஒவ்வொரு பரப்பும் ஒரு செக்டர், ஒரு செக்டருக்கு ஒரு தரை, ஒரு கூரைதான், வளைவு வேணும்னா மெல்லிசு மெல்லிசா செக்டர் வெட்டி ஒவ்வொண்ணுக்கும் கூரையை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கணும், ஒவ்வொரு உயரமும் ஒரு விஸ்ப்ளேனை முழுங்கும். இந்த எண்ணிக்கையைப் பாக்குறதுக்குன்னே அல்டிமேட் டூம் பில்டர்ல விஸ்ப்ளேன் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு மோடு இருக்கு, அந்த தம்பி அதை ஒரு தடவைகூட அமுக்கிப் பாக்கல.

அதனால மஹால்தான் வேணும்னு அடம்புடிச்சா மூணு வழி. லிமிட்டை ஏத்தி வச்ச க்ரிஸ்பி டூம் மாதிரி போர்ட்டுக்குன்னு (டூமை இப்போதைய மெஷின்ல ஓட வைக்கிற எஞ்சின்) போடு, ரீட்மீல அதை எழுதிரு. இல்லையா, ஜிஸெட்டூம்ங்கிற இன்னொரு போர்ட்டுக்குப் போ, யூடிஎம்எஃப்ங்கிற மேப் ஃபார்மட்ல 3டி ஃப்ளோர் (தரைக்கு மேல தரை), சரிவு எல்லாம் கிடைக்கும், ஆனா யூடிஎம்எஃப்ல சேவ் பண்ண மேப்பை சாக்லேட் டூம் தொறக்கவே தொறக்காது, பாதியில மனசு மாறி பழைய டூம் ஃபார்மட்டுக்கு மாத்துனா போட்ட விஷயம் பாதி உதிர்ந்துரும். மூணாவது, டூமையே விட்டுட்டு 1996ல வந்த குவேக்குக்குப் போறது. அங்க செக்டர் கிடையாது, ப்ரஷ்ஷுதான் (கட்டி கட்டியா அடுக்குற 3டி துண்டு), வளைவு, டோம், மாடிக்கு மேல மாடி எதுவா இருந்தாலும் கட்டலாம். மஹாலுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

அதே சமயம் வண்டியூர் தெப்பக்குளத்தை எடுத்துக்குங்க, நடுவுல மைய மண்டபம், நாலு பக்கமும் தண்ணிக்குள்ள எறங்குற படிக்கட்டு, டூம் 2க்குன்னே கட்டி வச்ச மாதிரி இருக்கும். பிளேயர் ஏறக்கூடிய படி உயரம் 24 யூனிட், அதுக்கு மேல போனா மேல ஏற முடியாம குளத்துக்குள்ளயே நிக்க வேண்டியதுதான், 16 வச்சா கண்ணுக்கும் நல்லா இருக்கும். ஆளோட அகலம் 32, உயரம் 56, 24, 32, 56னு இந்த மூணு எண்ணையும் மானிட்டர்ல ஒட்டி வைங்க. மீனாட்சி கோயில் கோபுரத்தை சுத்தி சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதின்னு சதுரத்துக்குள்ள சதுரமா போகுதே, டெத்மேட்ச் (பிளேயருக்குள்ளயே சுட்டுக்குற ஆட்டம்) லேஅவுட் கத்துக்க அதவிட நல்ல படம் வேற இல்ல. (கோயிலுக்குள்ள துப்பாக்கிச் சண்டை மட்டும் வேணாம்டா தம்பிகளா, வீதியோட நிறுத்திக்குங்க.)

சரி, எஞ்சின் முடிவாயிருச்சு, இப்போ எடிட்டர். டூம் பக்கம் அல்டிமேட் டூம் பில்டர்தான், ஆனா அதோட 3டி வியூவுக்கு ஓப்பன்ஜிஎல் 3.2 வேணும், ஸ்கூல்ல குடுத்த பழைய லேப்டாப்புல மல்லுக்கட்டாதீங்க, யுரேகா போதும், லினக்ஸ்லயும் ஓடும். குவேக்குக்கு ட்ரெஞ்ச்ப்ரூம், இதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ட்யூக் நூகம் கேம்னா மாப்ஸ்டர்32.

இறக்குனவுடனே கோடு போட ஆரம்பிக்காதீங்க, ஒரு சாயங்காலம் செட்டிங்ஸுக்குன்னு ஒதுக்குங்க. டூம் பில்டர்ல 3டி மோடுக்குள்ள போனா நடக்குறதுக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி வேலை செய்யாது, இ, எஸ், டி, எஃப்னு இருக்கும், புதுசா வர்றவன் எல்லாம் சாஃப்ட்வேர் பழுதுன்னு நெனச்சு அன்இன்ஸ்டால் பண்றான். மாத்திக்கலாம், ஆனா ஏ கீயில டெக்ஸ்சர் அலைன் பண்ற வேலை ஏற்கனவே இருக்கு, அதுக்கு வேற கீ குடுத்துட்டு மாத்துங்க, இல்லைன்னா நடக்கப்போய் சுவர் டெக்ஸ்சர் எல்லாம் இங்கிட்டும் அங்கிட்டும் நகந்து கெடக்கும். கேம் கான்ஃபிகரேஷன்ல டெஸ்டிங்னு ஒரு டேப் இருக்கும், அதுல உங்க மேப் கடைசியா எந்த போர்ட்ல ஓடணுமோ அதையே குடுங்க. சாக்லேட் டூமுக்குப் போட்டுக்கிட்டு எஃப்9 அமுக்குனா ஜிஸெட்டூம் தொறக்குற மாதிரி வச்சிருந்தா மேல சொன்ன தம்பி கதைதான்.

ட்ரெஞ்ச்ப்ரூம்ல புது மேப் தொறக்கும்போதே ஃபார்மட் கேக்கும், ஸ்டாண்டர்டை விட்டுட்டு வால்வ் எடுங்க, சாய்வான சுவர்ல டெக்ஸ்சர் இழுபடாம உக்காரும். போட்ட மேப்பை கேம்ல ஓடுற ஃபைலா மாத்துற, அதாவது கம்பைல் பண்ற டூல் அதுக்குள்ளயே வராது, எரிக்டபிள்யூ டூல்ஸை தனியா எடுத்து ரெண்டு ப்ரொஃபைல் போட்டு வைங்க, ஒண்ணு அவசரத்துக்கு, ஒண்ணு வெளிய விடுறதுக்கு. விஸ் (எங்க இருந்து எது தெரியும்னு கணக்குப் போடுற டூல்) ஓடலைன்னா பெரும்பாலும் மேப் எங்கயோ லீக், ப்ரஷ் ரெண்டுக்கு நடுவுல மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும். பாயின்ட் ஃபைலை லோட் பண்ணுங்க, ஓட்டை எங்கன்னு கோடு போட்டுக் காட்டும், அங்க போய் அடைங்க. முழு மேப்பையும் சுத்தி பெரிய பெட்டி ஒண்ணு போட்டு மூடுற குறுக்குவழியை யாரோ வீடியோல சொல்லிக்குடுத்திருக்கான் போல, வர்றவன் எல்லாம் அதையே பண்றான், வெளிப்பக்கத்துச் சுவரையும் சேத்துக் கணக்குப் போட்டு விஸ் விடியுற வரைக்கும் ஓடும். நடுவுல கரண்ட் போனா முதல்ல இருந்து.

இன்னொரு முக்கியமான விஷயம், கேம் ஃபைல். 1997ல டூமோட சோர்ஸ் கோடைத்தான் வெளிய விட்டாங்க, வேட் ஃபைல்ல இருக்குற படம், சத்தம், லெவல் எல்லாம் இன்னும் காசுக்குத்தான், கம்மி விலைக்கே கிடைக்குது. பென்ட்ரைவ்ல கை மாறி வர்ற வேட் எந்த வெர்ஷன்னே தெரியாது, கூட வர்ற எக்ஸிக்யூட்டபிள்ல என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னும் தெரியாது. இலவசமா விட்ட ஷேர்வேர் வேட் இருந்தா போதும்னு நெனைக்காதீங்க, அதோட வெளி மேப்பை லோட் பண்ண பழைய எஞ்சின் விடாது. காசு இல்லையா, டூம் வேட்டுக்குப் பதிலா ஃப்ரீடூம் இருக்கு, இலவசம், சட்டப்படி சரி, குவேக்குக்கு லிப்ரேகுவேக். டூம் 2 டெக்ஸ்சர் வச்சுப் போட்ட மேப்பை டூம் 1 வேட்ல தொறந்துட்டு "சுவரைக் காணோம்"னு போன் போடாதீங்க, ரெண்டுலயும் டெக்ஸ்சர் லிஸ்ட்டே வேற.

மேப் முடிஞ்சதும் ஸிப்ல உங்க மேப் இருக்குற வேட்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலையும் மட்டும் போடுங்க, டூம் 2 வேட்டைச் சேத்து அனுப்பாதீங்க. டெக்ஸ்ட் ஃபைல்ல எந்த கேம், எந்த மேப் நம்பர், எந்த போர்ட், எந்த ஃபார்மட், அடுத்தவன் டெக்ஸ்சர் எடுத்திருந்தா யாரோடதுன்னு எழுதிருங்க, அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒரு மெஷின்ல எடிட்டர் இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க.