காலை இட்லிக்குப் பிறகு ஏன் நடக்க வேண்டும்?

காலை ஆறரை மணிக்கு வீட்டில் மூன்று வேலைகள் ஒரே நேரத்துக்குப் போட்டி போடுகின்றன. பிள்ளைகள் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். நடைப்பயிற்சிக்கும் போய்வர வேண்டும். இதில் முதலில் கைவிடப்படுவது நடைப்பயிற்சி. அடுத்தது வீட்டுச் சமையல். பாக்கெட்டைப் பிரித்துப் பாலில் கொட்டும் உணவு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். மாவுப் பாத்திரத்திலும் நம் கால் தசையிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், காலை வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கும்.

இட்லி மாவில் பாதி வேலை நாம் தூங்கும்போது நடக்கிறது. அதைச் செய்வது லியூகோநாஸ்டாக் மீசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா. மாவைப் பொங்க வைப்பதில் இதற்கே முக்கியப் பங்கு என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1965-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். ரொட்டி மாவில் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். இட்லி மாவில் நாம் எதையும் தனியாகச் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் இந்த பாக்டீரியா கூடவே வந்துவிடுகிறது. இன்னார் கை பட்டால்தான் மாவு பொங்கும் என்று கைராசி பேசுவது நம் வழக்கம். கரண்டியால் கலக்கிய மாவும் பொங்கத்தான் செய்கிறது. அதற்குத் தேவை வெப்பம். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. சித்திரையில் விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழியும் மாவு, மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

இந்த பாக்டீரியா மாவிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. வாயு உண்டானால் மட்டும் போதாது, அது மாவுக்குள் தங்கவும் வேண்டும். உளுந்தின் அருமை இங்கேதான் தெரிகிறது. கிரைண்டரில் உளுந்து அரைபடும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே வந்தால், மாவு வெளுத்து, உப்பி, குழவியைச் சுற்றி மேலே எழும்பும். பக்குவம் பார்க்க ஒரு துளியை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போடுவார்கள். மிதந்தால் பதம் சரி. மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். உளுந்தின் குளோபுலின் என்ற புரதமும் அதன் கொழகொழப்புக்குக் காரணமான அராபினோகாலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய படலம் கட்டியிருக்கின்றன. இரவில் உண்டாகும் வாயுவையும் அதே படலம்தான் பிடித்து வைக்கிறது. காலையில் ஆவி பட்டதும் குமிழிகள் விரிகின்றன, புரதம் இறுகுகிறது, அரிசி மாவுச்சத்து வெந்து கெட்டிப்படுகிறது. சோடா உப்பு போடாமலேயே இட்லி பஞ்சாக வருவதன் காரணம் இவ்வளவுதான்.

புளிப்பதால் ருசியைத் தாண்டியும் நன்மைகள் உண்டு. அமிலம் கூடக் கூட, கெடுதல் செய்யும் பல கிருமிகள் மாவில் வளர முடியாமல் போகின்றன. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேர விடாது. புளிக்கும்போது அதன் அளவு குறைகிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஃபைட்டிக் அமிலம் குறைவது சின்ன விஷயம் இல்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது நிறைய. உளுந்தில் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு, அதை அரிசி ஈடு செய்கிறது. எண்ணெய்யும் கிடையாது.

ஆனால் இட்லியைப் பற்றி ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. அதன் பெரும்பகுதி அரிசி. நன்றாக அரைபட்டு ஆவியில் வெந்த மாவுச்சத்து குடலில் வேகமாகக் குளுக்கோஸாக உடைகிறது. சாப்பிட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ உச்சத்தைத் தொடுகிறது. புரதமும் நாம் நினைக்கும் அளவு இல்லை. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் இருக்கும், ஒரு முட்டையில் 6 கிராம். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘INDIAB’ ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. ஆகவே, இட்லி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, சாப்பிட்ட அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று கேட்பதே பயனுள்ளது.

குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் இடம் நம் எலும்புத் தசைகள். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழைய முடியாது. குளூட்-4 என்ற புரதம் அதற்குக் கதவு. மற்ற நேரங்களில் இந்தக் கதவுகள் செல்லின் உட்பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து சொன்னால், அவை மேற்பரப்புக்கு நகர்ந்து பொருந்தும். நீரிழிவின் தொடக்க நிலையில் பலருக்கு இன்சுலின் சுரந்தாலும் அந்தச் சொல் தசையில் எடுபடுவதில்லை. தசை சுருங்கி விரியும்போது இன்னொரு வழி திறக்கிறது. செல்லுக்குள் கால்சியம் பெருகுவதும், எரிசக்தி குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்வதும் இன்சுலினைக் கேட்காமலேயே குளூட்-4-ஐ மேற்பரப்புக்குத் தள்ளுகின்றன. இன்சுலின் எடுபடாத உடம்பிலும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்கிறது. மருந்துக் கடையில் விற்காத இந்த ஏற்பாட்டை நாம் சோபாவில் உட்கார்ந்து வீணாக்குகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

எப்போது நடப்பது என்பதற்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதைத் தாண்டிய 10 பேரை ஒருமுறை காலையில் 45 நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நாள் முழுவதற்குமான சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இரண்டுமே பலன் தந்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் துண்டு துண்டான நடையே முந்தியது. 10 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தசையின் இயங்குமுறையோடு இந்த முடிவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓட்டம் வேண்டாம், வயிறு பிசையும். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். இன்சுலின் ஊசி போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நடக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிவது மெய். ஆனால் 20 இளம்பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து 4 வாரம் கவனித்த 2014 ஆய்வில், உணவு அளவை ஒன்றுபோல் வைத்தபோது, வெறும் வயிற்றுக் குழுவுக்கும் சாப்பிட்ட குழுவுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே விடியற்காலையில் எழ முடியவில்லையே என்ற குற்ற உணர்வைத் தாராளமாக விட்டுவிடலாம்.

பத்து நிமிடத்துக்குக் குறைவான உடற்பயிற்சி கணக்கில் சேராது என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. எத்தனை துண்டுகளாக வேண்டுமானாலும் செய்யலாம். அதே வழிகாட்டி வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் கேட்கிறது. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கையில் இருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, மேடையில் கையூன்றித் தண்டால் எடுப்பது ஆகிய மூன்றும் அந்த நேரத்துக்குள் அடங்கும். தொடையும் கெண்டைக்காலும் உடம்பின் பெரிய தசைகளில் சேர்ந்தவை. அவை வலுத்தால் குளுக்கோஸ் தங்கும் இடமும் பெருகும்.

தட்டில் எதை முதலில் தொடுகிறோம் என்பதும் ஓரளவு முக்கியம். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றம் தெளிவாகக் குறைந்ததை நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக் குழு 2015-இல் 11 நீரிழிவு நோயாளிகளிடம் கண்டது. நம் தட்டுக்கு இதைப் பொருத்துவது எளிது. ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு அவித்த முட்டை, காய் நிறைந்த சாம்பார் இரண்டு கரண்டி, பிறகு மூன்று இட்லி.

இனிக் குடும்பத்துக்கு வருவோம், உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். "வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி" என்று இதற்குச் சமாதானம் சொல்வது சரியில்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் எரிசக்தியை 1 என்று வைத்தால், மிதமான உழைப்பு 3-இல் தொடங்குகிறது. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் அதற்குக் கீழே நிற்கின்றன. நின்று நின்று கால் வலிக்கிறது, ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் வேண்டிய பயிற்சி கிடைப்பதில்லை. மூச்சு வாங்கும் வேலைகள் வேறு. தண்ணீர்க் குடத்தோடு படியேறுவது போன்று ஓரிரு நிமிடம் நீடிக்கும் கடும் உழைப்பு அன்றாடம் மூன்று தடவை அமைந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 38 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்ததை, உடற்பயிற்சியே செய்யாத சுமார் 25,000 பிரிட்டானியர்களைத் தொடர்ந்து கவனித்த 2022 ஆய்வு கண்டது. அது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, காரணத்தை நிரூபிப்பதில்லை.

எனவே வேலைப் பங்கீடு இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை. ஞாயிறு மதியம் ஊறவைத்து மாலையில் அரைக்கும் வேலையை வீட்டு ஆண்கள் ஏற்கலாம். புளித்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் புளிப்பு நிற்காது, ஆனால் வேகம் வெகுவாகக் குறையும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் ஊத்தப்பம் என்று வாரத்தின் பாதி காலைகள் ஓடிவிடும். சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் பாத்திரத்தைக் கழுவட்டும், மற்றவர் பிள்ளைகளைப் பள்ளி வேன் நிற்கும் இடம் வரை நடத்திக் கூட்டிப் போகட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உழைப்பைச் சொல்கிறது. வேன் நிறுத்தம் வரையிலான நடை அதில் ஒரு பங்கு. கூட வரும் பெரியவருக்கு அதுவே சாப்பிட்ட பின் நடக்கும் நடை.