கையால் செய்த பொம்மைக்கும் சட்டம் உண்டு: சிறு தயாரிப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தைகளுக்கான பொம்மைகளையும் உடைகளையும் கையால் செய்து விற்பவர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் குறித்து ஆலோசனை சொல்வது என் தொழில். என்னிடம் வருபவர்களில் சிலர், இந்தச் சட்டங்கள் பெரிய தொழிற்சாலைகளுக்கானவை, மாதம் சில உருப்படிகள் செய்யும் தங்களைத் தொடாது என்று நம்புகிறார்கள். வேறு சிலரோ, சட்டப்படி நடக்க முயன்றால் தொழிலையே மூட வேண்டியிருக்கும் என்று அஞ்சுகிறார்கள். முதல் நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது அச்சத்துக்கு மட்டும் ஒரு வரலாறு உண்டு.

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில், காலணியோடு இலவசமாகத் தரப்பட்ட கைச்சங்கிலியின் உலோகத் தொங்கலை விழுங்கிய நான்கு வயதுச் சிறுவன் ஈய நஞ்சேறி இறந்தான். அந்தத் தொங்கல் ஏறத்தாழ முழுவதும் ஈயத்தால் ஆனது. அடுத்த ஆண்டே, ஈயம் கலந்த வண்ணம் பூசிய பொம்மைகளைப் பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றன. ஈயத்தில் இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை. உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகப் பங்கைக் குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்பதை நினைத்தால், அன்றைய பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தின் விளைவாகவே 2008 ஆகஸ்ட் 14 அன்று நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் அங்கே நிறைவேறியது.

12 வயது வரையிலான குழந்தைகளுக்கென்று தயாராகும் எல்லாப் பொருள்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பொருளின் பிற பகுதிகளுக்கான வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011 முதல் பத்து லட்சத்தில் 100 பங்கு என்று ஆனது. இந்த வரம்புகளைப் பற்றி எந்தக் கைவினைஞரும் என்னிடம் குறைபட்டதில்லை. சிக்கல், வரம்புக்குள் இருப்பதை அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் நிரூபிக்க வேண்டும் என்ற விதியில்தான் இருந்தது.

ஆய்வகக் கட்டணம் எத்தனை உருப்படிகள் விற்கிறீர்கள் என்பதைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும், ஒவ்வொரு வண்ணத்துக்கும், ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனித்தனியே வருகிறது. ஒரே வடிவத்தில் ஒரு லட்சம் பொம்மை வார்க்கும் தொழிற்சாலைக்கு அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. ஏழு வண்ணங்களில் இருபது மரக் கிலுகிலுப்பைகள் செய்பவருக்கோ அது விற்பனை வருவாயையே விஞ்சிவிடும். அதோடு, சோதனைக்குப் போகும் மாதிரியைச் சுரண்டியும் கரைத்தும்தான் பார்ப்பார்கள் என்பதால், ஒன்றே ஒன்றாகச் செய்யும் பொருளைச் சோதித்தால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. செலெக்டா என்ற ஜெர்மானிய மரப்பொம்மை நிறுவனமே 2008 இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. இத்தனைக்கும் ஈயப் பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தச் சிறு தயாரிப்பாளர்கள் அல்லர். தாங்கள் செய்யாத தவறுக்கு இந்தச் சுமை ஏன், சில உருப்படிகள் செய்பவருக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே செலவா என்று கைவினைஞர்கள் ஒன்றுதிரண்டு கேட்டார்கள். இக்கேள்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன்.

2011 ஆகஸ்டில் வந்த திருத்தம் அவற்றுக்கு ஓரளவு விடை தந்தது. ஆண்டு மொத்த வருவாய் பத்து லட்சம் டாலருக்குள்ளும் (பணவீக்கத்துக்கு ஏற்ப இந்த வரம்பு உயர்கிறது), ஒரே பொருளின் உற்பத்தி ஆண்டுக்கு 7,500-க்கு மிகாமலும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் பதிவு செய்துகொண்டால், பல விதிகளுக்கு வெளி ஆய்வகச் சோதனையிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் வண்ணப்பூச்சிலுள்ள ஈயம், விழுங்கக்கூடிய சிறு பாகங்கள், குழந்தைகளின் உலோக அணிகலன்கள், தொட்டில்கள், பால் இல்லாத சூப்பிகள் போன்றவற்றுக்கு எவருக்கும் விலக்கில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: விலக்கு சோதனைக்குத்தான், வரம்புக்கு அன்று. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பாத பொருளும் அதே வரம்புகளுக்குள் இருந்தாக வேண்டும். இருக்கிறது என்பதற்கான சான்றிதழைத் தயாரிப்பாளரே தம் பெயரில் வழங்கவும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை, பொருந்தும் தர நிர்ணயங்களை முழுமையாகப் பின்பற்றும் தயாரிப்பாளர் தாமே மதிப்பிட்டு, விதிகளுக்கு உட்பட்டது என்பதைக் காட்டும் சிஇ குறியை இட அனுமதிக்கிறது; அதற்கு ஈடாக ஆவணங்களைப் பத்து ஆண்டுகள் காக்கச் சொல்கிறது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கினாலும், கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்குத் தருகிறது. அத்தகைய விலக்கு நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். பொம்மை எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் விதிதான் செல்லும் என்பதை, இணையவழியில் வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் பலர் அறியாதிருக்கிறார்கள்.

நடைமுறையில் நான் மிகுதியாகக் காணும் ஆபத்து ஈயமன்று. மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய சிறு பாகங்கள்தான். 31.7 மில்லிமீட்டர் விட்டமும், சாய்ந்த அடிப்பகுதியோடு 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை ஆழமும் கொண்ட ஓர் உருளை சோதனைக்குப் பயன்படுகிறது. பொம்மையிலிருந்து கழன்ற பாகம், ஏதேனும் ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கும்போது, அழுத்தாமலே அதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால், அப்பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரியதன்று. கம்பளி நூலால் பின்னிய கரடிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். அதன் கண்களுக்குப் ‘பாதுகாப்புக் கண்’ என்ற பெயரில் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்களைப் பொருத்துவார்கள். பின்புறத்தில் ஒரு வளையம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய முறைப்படி ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாக, பத்து விநாடி இழுக்க வேண்டும். வளையம் கழல்வதில்லை. பின்னலின் கண்ணிதான் விரிந்து கொடுக்கிறது. கண், வளையத்தோடு சேர்ந்து முழுதாக வெளியே வந்துவிடுகிறது. கண்களை நூலாலேயே எம்பிராய்டரி செய்துவிட்டால் இழுக்க எதுவும் இல்லை, சோதிக்கவும் எதுவும் இல்லை. நான் தரும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்: ஆபத்தைச் சோதித்துக் கண்டறிவதைவிட, வடிவமைப்பிலேயே அதற்கு இடமில்லாமல் செய்துவிடுவது சிறுதொழிலுக்கு மலிவானது.

‘மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’, ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்று அட்டையில் எழுதித் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அணைத்துக்கொண்டு தூங்கத் தக்க மென்பொம்மையைக் கைக்குழந்தைக்குத்தான் கொடுப்பார்கள் என்பதை அதிகாரிகள் அறிவார்கள். பொருளின் தன்மையையும் அது விளம்பரப்படுத்தப்படும் விதத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். அதுபோலவே, குழந்தைகளின் மேலாடையில் கழுத்தருகே இழுத்துக் கட்டும் நாடாவை வைக்காதீர்கள். எங்காவது சிக்கினால் கழுத்தை நெரிக்கும் என்பதால் பல நாடுகள் அதைத் தடுக்கின்றன.

மூலப்பொருளிலும் இதே அணுகுமுறை உதவும். பூச்சோ பதப்படுத்தலோ இல்லாத மரம், சாயம் ஏற்றியதாயினும் பருத்தி, கம்பளி, பட்டு ஆகியவற்றில் ஈயம் வரம்பை மீறுவதில்லை என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கு ஈயச் சோதனை தேவையில்லை என்று அறிவித்திருக்கிறது. மரத்தின் மேல் வண்ணம் ஏறியதும் நிலைமை மாறிவிடும். அப்போதும் ஒரு வழி உண்டு: உறுப்புச் சோதனை என்ற முறையில், வண்ண டப்பா ஒன்றைச் சோதித்துப் பெற்ற முடிவை அந்த வண்ணம் பூசிய எல்லாப் பொம்மைகளுக்கும் பயன்படுத்தலாம். வண்ணம் விற்பவரிடமே அங்கீகரிக்கப்பட்ட ஆய்வக அறிக்கை இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். ‘நச்சற்றது’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது அறிக்கையாகாது. அறிக்கையில் உள்ள தொகுதி எண் (பேட்ச் எண்) உங்கள் டப்பாவில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பதிவேடு என்றதும் பலரும் மலைத்துப்போகிறார்கள். ஒரு நோட்டுப்புத்தகம் போதும். எந்த நாளில், எந்தத் தொகுதி நூலும் பஞ்சும் வண்ணமும் கொண்டு எத்தனை உருப்படிகள் செய்தீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்பதை எழுதி, அந்தத் தொகுதி எண்ணை உங்கள் பெயர், ஊர், தயாரித்த காலம் ஆகியவற்றோடு பொம்மையில் அழியாத அடையாளத் துணியாகத் தைத்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டம் கேட்கும் கண்காணிப்புக் குறி இதுதான். ஒரு வாங்குநர் தையல் பிரிந்துவிட்டது என்று எழுதும் நாளில், எந்தத் தொகுதி என்று தெரியாதவர் இதுவரை விற்ற எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். தொகுதி எண் உள்ளவர் அந்தத் தொகுதியில் செய்த பன்னிரண்டு பொம்மைகளை வாங்கியவர்களுக்கு மட்டும் அன்று மாலைக்குள் கடிதம் அனுப்பிவிடலாம்.