ஒரு மணிநேர நாடாவுக்கு ஏன் ஒரு மணிநேரம்?

காரைதீவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2003ஆம் ஆண்டு மினி டீவி (MiniDV) என்ற சிறு நாடாக் கமராவில் எடுத்த அக்காவின் சாமத்தியச் சடங்கு அவரிடம் கசெற்றாக இருக்கிறது. மறு ஆண்டு சுனாமியில் போய்விட்ட அம்மம்மா அதில் ஆலத்தித் தட்டோடு நடந்து வருகிறாராம். கைபேசி வீடியோ ஒரு நிமிடத்தில் கணினிக்குப் போய்விடுகிறது, இந்தக் கசெற்றுக்கு மட்டும் முழுதாக ஒரு மணிநேரம் ஆகிறதே, கமரா பழுதா என்று கேட்கிறார்.

பழுதில்லை தங்கையே. அந்தக் கமராவுக்குள் நடப்பதை அறிந்தால் ஒரு மணிநேரம் போதுகிறதே என்றுதான் வியப்பீர்கள்.

பாட்டுக் கசெற்று நமக்குத் தெரியும். பதியவும் வாசிக்கவும் செய்யும் அசையாத காந்தத் தலையின் முன்னால் நாடா செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக ஊர்கிறது. ஒலிக்கு அது போதும். படத்துக்குச் செக்கனுக்குக் கோடிக்கணக்கான குறிகள் வேண்டும். அசையாத தலையால் அவ்வளவையும் பதிய வேண்டுமானால் நாடா செக்கனுக்குப் பத்து மீற்றர் ஓட வேண்டியிருக்கும். ஒரு மணிநேரச் சடங்குக்கு 36 கிலோமீற்றர் நாடா, அதாவது மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறையக் கல்முனைவரை. உங்கள் கைக்குள் அடங்கும் கசெற்றிலோ 68 மீற்றர்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியைக் கடந்த வழிதான் என்னை இன்றும் மயக்குகிறது. நாடாவை விரட்டுவதற்குப் பதிலாகத் தலையைச் சுழலவிட்டார்கள். கசெற்றை இட்டுக் காதை அருகில் வையுங்கள். முதலில் 'கடக்' என்று ஓர் ஓசை. இரண்டு சிறு கைகள் நாடாவை வெளியே இழுத்து, 21.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள பளபளப்பான உலோக உருளையில் அரைச்சுற்றாக வளைக்கின்றன. பிறகு மெல்லிய இரைச்சல் கேட்கும். உருளை நிமிடத்துக்கு 9,000 தடவை சுழல்கிறது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு தலைகள். உருளை சாய்ந்து நிற்பதால், ஒவ்வொரு தலையும் நாடாவின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்வாக ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறது. செக்கனுக்கு 300 கோடுகள். ஒவ்வொன்றும் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று அதிக நீளம், ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அகலம். நாடாவோ செக்கனுக்கு இரண்டு சென்ரிமீற்றர்கூட நகர்வதில்லை. பன்னிரண்டு கோடுகள் சேர்ந்தால் ஒரு படம். அப்படி 25 படங்கள் ஓடினால்தான் உங்கள் அம்மம்மா ஒரு செக்கன் நடப்பார்.

கோடுகளுக்கு நடுவே வரப்பு கிடையாது. பக்கத்துக் கோடு கலந்துவிடாதா? அதற்காக ஒரு தலையில் குறிகளைப் பதியும் நுண்ணிய இடுக்கை 20 பாகை இடப்பக்கமும் மற்றதை 20 பாகை வலப்பக்கமும் சரித்திருக்கிறார்கள். தன் சரிவில் எழுதியது மட்டுமே ஒரு தலைக்குத் தெளிவாகப் புலப்படும்; அயல்கோடு மங்கிப்போகும். கிடுகில் ஓலைகள் எதிரெதிராகச் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

வாசிக்கும்போதும் அதே உருளை, அதே வேகத்தில், அந்தக் கோடுகளையே மறுபடி தடவ வேண்டும். கைபேசியில் சுழல எதுவுமில்லை, ஆகவே அது முந்திக்கொள்கிறது. கமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் (FireWire) கம்பி வழியாக மாற்றினால், நாடாவில் எண்களாகப் பதிந்திருக்கும் படம் அப்படியே கணினிக்கு வரும், தரம் குறையாது. மணிக்கு 13 ஜிகாபைட் இடம் வைத்திருங்கள். யூஎஸ்பி துளையை நம்ப வேண்டாம், அந்தக் காலக் கமராக்கள் பலவற்றில் அது நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும் வைத்தது.

நம் கரையில் எதிரி ஈரக்காற்று. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை எடுத்து வந்தவுடன் ஓடவிட்டால், உருளையில் பனித்த நீரில் நாடா ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணிநேரம் பொறுங்கள். கசெற்றின் கண்ணாடி வழியே வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம்; ஓடவிடவே வேண்டாம், தலைகள் அடைபட்டு அடுத்த கசெற்றுக்கும் அது பரவும்.

இறந்தவர் நடமாடும் படத்தைப் போட்டால் ஆத்மா அலையும் என்று உறவினர் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாடாவில் இருப்பவை காந்தத் துணிக்கைகள். அவை அம்மம்மாவை அலைக்கழிப்பதில்லை, அவர் நடையைக் காத்துவைத்திருக்கின்றன. அந்தப் பேச்சுக்குப் பயந்து கசெற்றுகளை எரித்த வீடுகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அலையில் போன தெருக்களும், கோயில் முற்றங்களும், பேச்சு வழக்குகளும் இத்தகைய நாடாக்களில்தான் மிச்சமிருக்கின்றன. நூலகம் நிறுவனம் நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி வருகிறது. வீட்டு நாடாக்களுக்கும் அப்படி ஒரு பணி கிழக்கில் வேண்டும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு நல்ல கமராக்களும் ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதற்கான பணத்தை ஆராய்ச்சிச் செலவாகவே கருத வேண்டும். உருளைகள் தேய்கின்றன, மாற்றுப் பாகங்கள் அரிதாகிவிட்டன.

நீங்கள் காத்திருக்க வேண்டாம். முதலில் கசெற்றின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள், தவறி மேலே பதிவதை அது தடுக்கும். படம் சதுரம் சதுரமாக உடைந்தால் துப்புரவு நாடாவைச் சில செக்கன் ஓடவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள். முடிந்ததும் நாடாவைத் தொடக்கம்வரை சுற்றி, பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். எறிந்துவிடாதீர்கள்.